கொடைக்கானல்ல ஸ்னோ விழுமா? அட்டுவம்பட்டியில் ஒரு விடியற்கால நடை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும் நடுவில் வந்த இருமல்களையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

தொண்டை இன்னும் முழுசா சரியாகலை. குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்தா பொறுத்துக்கோங்க. ஏன் இப்படி ஆச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதையே.

போன மாசம் என் இன்ஸ்டாவுல ஒரு போட்டோ போட்டேன். புல்லு முழுக்க வெள்ளை. பின்னாடி மலை, லேசா ஆரஞ்சு கலர்ல வானம். கீழ 'கொடைக்கானலில் ஸ்னோ'ன்னு ஒரு வரி, ரெண்டு நீல இதயம். நான் இதுவரைக்கும் போட்டதுலயே அதுக்குத்தான் அதிக லைக். அடுத்த நாள் காலையில அதை எடுத்துட்டேன். நிறைய பேர் ஏன்னு கேட்டிருந்தீங்க. சொல்றேன்.

முதல்ல அந்தத் தலைப்பே தப்பு. கொடைக்கானல்ல ஸ்னோ விழாது. ஸ்னோங்கறது மேகத்துலயே நீர் உறைஞ்சு, பஞ்சு பஞ்சா கீழ இறங்குறது. நம்ம ஊர் மலையில நடக்கிறது வேற. தரையை ஒட்டி இருக்கிற காத்துல உள்ள ஈரம், புல்லு மேலயும் இலை மேலயும் அப்படியே ஐஸாப் படியறது. அதுதான் உறைபனி. மேல இருந்து எதுவும் விழறது இல்லை. நம்ம மொழியில பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இமயமலையில கொட்டுறதும் பனி. முன்பனி, பின்பனின்னு வருஷத்துல நாலு மாசத்தையே பனிக்கு எழுதிக் கொடுத்த ஆளுங்க நாம. ஆனா எந்தப் பனி யாருக்கு என்ன செய்யும்னு, வேளச்சேரியில ஏசியை 24-ல வெச்சுப் போர்த்திக்கிட்டுத் தூங்குற எனக்குத் தெரியாம போச்சு.

என் தோழி ஒருத்தி அட்டுவம்பட்டியில இருக்கா. பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் இதைப் பேச விட்டிருக்கா. மதுரையில ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் ரூம். படிச்சு முடிச்சு நான் சென்னைக்கு வந்தேன், அவ அப்பா தவறின பிறகு அவ மலைக்கே திரும்பிட்டா. கொடைக்கானல் டவுன்லேர்ந்து வில்பட்டி போற ரோட்டுல இருக்கு அட்டுவம்பட்டி. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அங்கதான், 1984-ல ஆரம்பிச்சது. டூரிஸ்ட் பஸ்ஸுங்க பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்பாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினதுல அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2019-ல கிடைச்சது. என் தோழியும் மேல் பாத்தியில பூண்டு போட்டிருக்கா. ஆனா அவ உசுர் இருந்தது கீழ, குத்தகைக்கு எடுத்த முப்பது சென்ட் பீன்ஸ்ல. குழுவுல கடன் வாங்கி, கொடிக்குக் குச்சி நட்டு, உரம் வெச்சு, இன்னும் பத்து நாள்ல முதல் பறிப்புங்கற நேரம். நான் போய் இறங்கினது அப்பதான்.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள். கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கி, பஸ் பிடிச்சு மேல போனேன். போட்டிருந்தது ஜீன்ஸ், காட்டன் ஹூடி, கேன்வாஸ் ஷூ. 'அடி, ஸ்வெட்டர் எங்க?'ன்னா. 'இதுதான்டி'ன்னேன். ஒரு பார்வை பார்த்தா பாருங்க.

அன்னைக்கு ராத்திரியே ஒரு கூத்து. அவங்க வீட்டு முற்றத்துல பழைய இரும்புச் சட்டியில அடுப்புக்கரி போட்டுக் கணப்பு வெச்சிருந்தாங்க. சுத்தி உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். பத்து மணிக்குப் படுக்கப் போறப்ப, தணல் இன்னும் செவசெவன்னு இருக்கே, வீணாப் போகுதேன்னு அந்தச் சட்டியைத் துணியால பிடிச்சு ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போனேன். அவங்க அம்மா ஓடி வந்து கையிலேர்ந்து பிடுங்கினாங்க. 'பாப்பா, காலையில உன்னை எழுப்ப ஆள் இருக்காது'ன்னாங்க. முதல்ல எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் தோழி சொன்னா. 2024-ல கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த ரெண்டு பேர், பார்பிக்யூ அடுப்பை அணைக்காம அறைக்குள்ள வெச்சுட்டுத் தூங்கினவங்க, எழுந்திரிக்கவே இல்லை. நியூஸ்ல வந்தது. நானும் படிச்சிருக்கேன். படிச்சதுக்கும் கையில சட்டியோட நிக்கிறதுக்கும் நடுவுல மூளை வேலை செய்யலை. கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல பலமா ரத்தத்துல ஒட்டிக்கும். புகை தெரியாத தணல்தான் அதிக ஆபத்து, ஏன்னா இருமல் வந்து யாரையும் எழுப்பாது. குளிருக்காக ரூம் ஜன்னலையும் கதவையும் அடைச்சுட்டு கணப்பு வைக்கிற யோசனை உங்களுக்கு எப்பவாவது வந்தா, அந்த அம்மாவை நினைச்சுக்கோங்க.

ராத்திரி படுக்கும்போது தோழி மூணு தடவை வெளிய போய் வானத்தைப் பார்த்துட்டு வந்தா. 'என்னடி, நட்சத்திரம் எண்றியா?'ன்னு கேட்டேன். எனக்கோ அந்த வானம் ஒரு கொண்டாட்டம். சென்னையில அத்தனை நட்சத்திரம் பார்த்ததே இல்லை. அவ 'ஒரு துளி மேகம் இல்லைடி'ன்னா. அது வருத்தம்னே எனக்குப் புரியலை. நாலு மணிக்கு அலாரம் வெச்சா.

இதை அவ எனக்கு விளக்கின விதத்துல சொல்றேன். பகல்ல தரை வெயிலை வாங்கி வெச்சுக்குது. ராத்திரி பூரா அந்தச் சூட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்குது. மேகம் இருந்தா போர்வை மாதிரி அதுல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, காத்தும் இல்லைன்னா தரை சரசரன்னு ஆறிப்போகும். அதை ஒட்டி இருக்கிற காத்தும் ஆறும். குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கும். அதனாலதான் கொடைக்கானல்ல உறைபனின்னு நியூஸ் வந்தா ஏரிக்கரை, ஜிம்கானா, கீழ்பூமின்னு தாழ்வான இடங்களா வரும். மேட்டுல இருக்கிற வீட்டுக் கூரை காஞ்சு கிடக்கும், நூறு அடி கீழ வயல் வெளுத்துக் கிடக்கும். உயரம் போகப் போகத்தான் குளிரும்னு நான் நினைச்சது பாதி உண்மைதான் போல.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. கொடைக்கானல்ல சூரியனை ஆராயற வானோக்கு நிலையம் இருக்கு. 1899-ல தொடங்கினது. 1909-ல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு நகர்றதை இங்கேயிருந்துதான் கண்டுபிடிச்சார். தெளிஞ்ச வானத்தைத் தேடித்தான் இந்த மலைக்கு வந்தாங்க. அதே தெளிஞ்ச வானம்தான் பீன்ஸுக்கு எமன்.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். என் போன் 6 டிகிரின்னு காட்டுச்சு. 'ஆறுதானே, ஜீரோ இல்லையே'ன்னேன். அவ திரும்பிக்கூடப் பார்க்கலை. 'உன் போன் என் பீன்ஸுக்குள்ள படுத்திருக்கா?'ன்னா. உண்மைதான். வானிலை நிலையத்துல தெர்மாமீட்டரைத் தரைக்கு மேல, ஆள் இடுப்பு, நெஞ்சு உயரத்துல, பெட்டிக்குள்ள வெச்சுத்தான் அளப்பாங்க. தெளிஞ்ச ராத்திரியில புல்லு மட்டத்துல அதைவிடப் பல டிகிரி கம்மியா இருக்கலாம். போன் ஆப்புக்கு அந்தப் பள்ளமே தெரியாது.

ரோட்டை விட்டு இறங்கி பள்ளங்கி பக்கம் சரியற ஒத்தையடிப் பாதை. ஒரு பக்கம் வேட்டில் மரம், தாண்டினா தைலமரம். பகல்ல அரை மணி நேர நடை. டார்ச் வெளிச்சத்துல எங்க மூச்சு புகையா வந்துச்சு, எனக்கு அதுவே சினிமா மாதிரி இருந்துச்சு. கொஞ்ச தூரத்துல கால் பட்ட புல்லு மொறுமொறுன்னுச்சு. குனிஞ்சு பார்த்தா ஒவ்வொரு புல் நுனியிலயும் சக்கரை தூவின மாதிரி வெள்ளை. நான் போனை எடுத்தேன். அந்தப் போட்டோதான். முதல்ல இருட்டுல ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், நல்லா வரலை. ஆனா நின்னேன். அவ நாலடி போய்த் திரும்பி, 'வாடி'ன்னா. ஒரே வார்த்தை.

அடுத்த வளைவுல அவ கை பின்னாடி வந்து என் நெஞ்சுல தட்டி நிறுத்துச்சு. டார்ச்சைத் தரைக்குத் திருப்பினா. பாதை நடுவுல காட்டுமாடு. ஒண்ணு இல்லை, மூணு. பெரியது ஒண்ணு, லாரி நிக்கிற மாதிரி நின்னுச்சு. கால் நாலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. அது மூக்குலேர்ந்து வந்த ஆவி எங்க டார்ச் வெளிச்சம் வரைக்கும் வந்துச்சு. ஓடக் கூடாது, கண்ணுல வெளிச்சம் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நாங்க மெல்லப் பின்னாடியே நடந்து ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் உக்காந்தோம்.

இருபது நிமிஷம். எனக்குப் பயம் மட்டும்தான். அவ போன்ல நேரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவளோட கணக்கு வேற. ராத்திரியிலேயே அதிகக் குளிர் நடுராத்திரியில வராது, சூரியன் எழற நேரத்தை ஒட்டித்தான் வரும். அதுக்கு முன்னாடி செடி மேல தண்ணி ஓடணும். ஜனவரியில அங்க ஆறே முக்காலை ஒட்டித்தான் சூரியன் வரும், பள்ளத்துக்கு இன்னும் லேட். முந்தின நாள் சாயங்காலமே மண்ணை நல்லா நனைச்சு வெச்சிருந்தா. ஈர மண்ணு சூட்டை அதிகம் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா அது மட்டும் போதாது.

தண்ணி எப்படிக் காப்பாத்தும்னு கேட்டேன், பாறைக்குப் பின்னாடி கிசுகிசுன்னு. ஐஸ் உருகறதுக்குச் சூடு வேணும்ல? அப்ப தண்ணி உறையும்போது அதே சூட்டை வெளிய விடும். ஒரு கிராமுக்கு 80 கலோரி. இலை மேல தண்ணி விழுந்து உறைஞ்சுக்கிட்டே இருக்கிற வரைக்கும் அந்த இலை ஜீரோவுக்குக் கீழ பெருசா இறங்காது. நடுவுல நிறுத்தினாத்தான் ஆபத்து, நனைஞ்ச இலை இன்னும் வேகமாக் குளிரும். வெயில் வந்து ஐஸ் உருகிற வரைக்கும் விடாம ஊத்தணும். ஸ்கூல்ல பன்னிரண்டு வருஷம் உள்ளுறை வெப்பம்னு எழுதி மார்க் வாங்கினவ நான். அது எதுக்குன்னு அந்தப் பாறைக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

மாடுங்க தானா இறங்கிப் போச்சு. நாங்க ஓடினோம். நான் வேர்த்துட்டேன், காட்டன் ஹூடி முதுகுல ஒட்டிக்கிச்சு. இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

வயல் அஞ்சு படி. மேல ரெண்டு பூண்டு, அது தாங்கும். கீழ மூணும் பீன்ஸ். மேல இருக்கிற தொட்டியிலேர்ந்து ஹோஸ் வருது. ஸ்பிரிங்ளர் ஒண்ணே ஒண்ணு. அதை மூணாவது படியில ஓட விட்டா. நாலாவது படிக்கு ஹோஸை என் கையில கொடுத்து, 'செடி மேல லேசா, விடாம'ன்னா. அஞ்சாவது படி, இருக்கிறதுலயே பள்ளம், அதுக்கு அவ பூவாளியோட தொட்டிக்கும் வயலுக்கும் நடையா நடந்தா. படி ஏறணும், மொள்ளணும், இறங்கணும். நான் பார்த்தப்பவே அந்தக் கடைசிப் படி முழுக்க வெள்ளையா இருந்துச்சு.

தண்ணி என் கை வழியா ஹூடிக்குள்ள இறங்குச்சு. ஷூவுக்குள்ள சேறு. முதல்ல பயங்கர நடுக்கம். பல்லு தாளம் போட்டுச்சு, சிரிச்சேன். கொஞ்ச நேரத்துல விரல் ஹோஸைப் பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலை. அவ என்னமோ கேட்டா, பதில் சொன்னேன். வாய் குழறினது எனக்குத் தெரியலை. எனக்கு நல்லா நினைவிருக்கிறது ஒண்ணுதான். கொஞ்சம் உக்காந்துக்கலாம், சரியாப் போயிடும்னு ஒரு சோம்பல் வந்துச்சு. உக்காந்துட்டேன். ஹோஸ் பாட்டுக்கு வரப்புல ஓடிக்கிட்டிருந்துச்சு.

உடம்புச் சூடு இறங்கும்போது இப்படித்தான் ஆகும்னு பிறகு படிச்சேன். நடுக்கம், விரல் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, நடை தள்ளாடுறது, அப்புறம் 'எனக்கு ஒண்ணுமில்லை'ங்கற நினைப்பு. நடுங்கிக்கிட்டு இருந்த ஆள் சூடாகாமலே நடுங்கறதை நிறுத்தினா அது நல்ல சேதி இல்லை. இதுக்கு இமயமலை வேணாம். ஈரத்துணியும் அஞ்சாறு டிகிரியும் போதும். காட்டன் ஈரமானா சூட்டைப் பிடிக்கவே பிடிக்காது, உடம்புலேர்ந்து உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

அவ பூவாளியைப் போட்டுட்டு வந்தா. என்னைத் தூக்கி மேல இருக்கிற மோட்டார் ரூமுக்கு இழுத்துட்டுப் போனா. நனைஞ்சதை எல்லாம் கழட்டச் சொன்னா. வெக்கப்பட்டேன் போல, அதட்டினா. தான் போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரைக் கழட்டி எனக்கு மாட்டி, மங்கி குல்லாவை இழுத்து விட்டு, உரச் சாக்கு ரெண்டு கீழ போட்டு உக்கார வெச்சு, ஃபிளாஸ்க்ல இருந்த சக்கரை போட்ட கடுங்காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தா. கையைத் தேய்க்கலை, தேய்க்கவும் விடலை. அக்குள்ள வெச்சுக்கோன்னா. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் இருக்கும்.

குளிர்ல நடுங்குற மயிலுக்குப் போர்வை கொடுத்தானே பேகன், அவன் இந்தப் பழனி மலைப் பக்கத்து ஆளுதான். தெளிஞ்ச பிறகு இதைச் சொல்லி 'நீதான்டி என் பேகன்'னேன். 'அவன் பொண்டாட்டியை அழ விட்டுட்டுப் போனவன்டி, புலவருங்க போய்ப் பஞ்சாயத்துப் பண்ண வேண்டியதாப் போச்சு, அவனை என்கூடச் சேர்க்காத'ன்னா. புறநானூற்றுல ரெண்டுமே இருக்கு. நமக்குப் பாடத்துல மயில் மட்டும்தான் வந்துச்சு.

வெயில் வந்துச்சு. நான் வெளிய வந்து நின்னப்ப, மேல் சரிவுல சூரியன் பட்டு, புல்லெல்லாம் வெள்ளியா மின்னுச்சு. தூரத்துச் சோலை ஓரத்துல காட்டுப்பூவரசு ஒண்ணு செக்கச்செவேல்னு பூத்திருந்துச்சு. சோலை மரங்கள்ல பலதோட கன்னு வெட்டவெளிப் புல்வெளியில உறைபனிக்குத் தாங்காம செத்துடுமாம். நீலகிரியில பண்ணின ஆய்வும் இதைச் சொல்லுது. காட்டுப்பூவரசு மட்டும் அந்தப் புல்வெளியிலயே நிக்கும். நான் போனை எடுத்தேன். அந்தப் போட்டோவை அப்பதான் எடுத்தேன். சிக்னல் இருந்துச்சு, அங்கேயே போட்டேன்.

அவ கீழ நின்னுக்கிட்டிருந்தா, கடைசிப் படியில. நான் பக்கத்துல போனப்ப இலையெல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு, ஐஸ் உருகிச் சொட்டிக்கிட்டிருந்துச்சு. 'தப்பிச்சிடுச்சுடி'ன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துட்டு, வா, பசிக்குதுன்னு கூட்டிட்டுப் போயிட்டா.

மத்தியானம் அவளுக்குத் தெரியாம நான் மட்டும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அஞ்சாவது படி முழுக்க, வெந்நீர் ஊத்தின மாதிரி இலை தொங்கிப் போய், ஓரமெல்லாம் கறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. குளிர்ல செத்த செடிக்குத் தீயில கருகின கோலம். இலைக்குள்ள செல்லுங்களுக்கு நடுவுல ஐஸ் உருவாகி, உள்ள இருக்கிற தண்ணியை உறிஞ்சிடுது. உருகின பிறகுதான் சாவு வெளிய தெரியும். நாலாவது படியில, நான் ஹோஸோட நின்ன இடம் வரைக்கும் பச்சை. நான் உக்காந்த இடத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பு. கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுச்சு.

என்னைத் தூக்கப் போகாம அவ அந்த அரை மணி நேரம் தண்ணி ஊத்தியிருந்தா எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கேட்டேன். 'அந்தக் கடைசிப் படி எப்படியும் போயிருக்கும்டி'ன்னா. அது உண்மையா, எனக்காகச் சொன்னதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பஸ்ஸுல இறங்கி வர்றப்ப பெருமாள்மலைக்கிட்ட போனை எடுத்தா, என் போட்டோவுக்குக் கீழ, 'வாவ்', 'அடுத்த வாரம் நாங்களும் வர்றோம்', 'ஸ்னோ இன்னும் இருக்குமா?'. எடுத்துட்டேன். ஊருக்கு வந்து அவளுக்குக் கொஞ்சம் பணம் ஜிபேல அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல அப்படியே திரும்பி வந்துச்சு, கூடவே 'முதல்ல ஒரு ஸ்வெட்டர் வாங்கு'ன்னு ஒரு மெசேஜ். வாங்கிட்டேன், கம்பளி. சென்னையில அதைப் போட வாய்ப்பே இல்லை, நாற்காலி மேல கிடக்கு.

மூணாவது படியில பறிப்பு நடந்திருக்கு. நாலாவதுல பாதி. கறுத்த செடியைப் பிடுங்கிட்டுக் கேரட் போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கா. இந்த எபிசோடைப் பேசட்டுமான்னு கேக்க நேத்து ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டேன். நான் முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொட்டாவி விட்டா. என்னடி, சீக்கிரமாவே படுத்துட்டியான்னு கேட்டேன்.

'வெளிய பார்த்தேன்டி, நல்லா மேகம் போட்டிருக்கு. இன்னைக்கு அலாரம் வைக்கலை'ன்னா.